உள்வாசலுக்கு ஒரு தாழ்ப்பாள்

நீலாம்பட்டினத்து மரைக்காயர் தெருவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மைமூன் வீட்டுச் சமையலறை வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விட்டது. எங்கே போனது என்று யாரும் தேடி அலையவில்லை. அது கிளம்பிய நேரத்தில் உள்ளே உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்த மூன்று பெண்கள், மடியில் மீன் சட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கி, சமையலறை நெடுஞ்சாலைப் பக்கத்துப் புது வீட்டின் மாடியில் நன்றாகத்தான் இருக்கிறது, அடுப்பு அணையவில்லை, புளிக்கரைசல் கொதிக்கிறது, யாராவது போய் இறக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

போன சமையலறை இருந்த இடத்துக்குப் புது வீட்டுச் சமையலறை வந்து உட்கார்ந்திருந்தது. பளபளக்கும் கருங்கல் மேடை, தொட்டால் தானே நகரும் இழுப்பறைகள், புகையை உறிஞ்சும் எந்திரம் எல்லாம் அந்தப் பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவில், சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை வந்தவர்களைப் போலக் கொஞ்சம் அடக்கமாக நின்றன. தேங்காய் துருவி கேட்டு உள்வாசல் வழியாக வந்த பக்கத்து வீட்டுக் கிணத்தடி மாமி நாலு பக்கமும் பார்த்தாள், குழாயைத் திறந்தாள், வெந்நீர் வந்தது, மூடினாள்.

"மைமூனு, துருவி எங்க?" என்றாள்.

"அது பழைய அடுப்படியில போயிருச்சு, மச்சி."

"சரி, அப்ப மிக்ஸியில போட்டுக்கிறேன்" என்று சொல்லி மாமி மேடையின் முன்னால் நின்றுகொண்டாள். தெரு அந்த விஷயத்தை ஏற்றுக்கொண்ட விதம் இவ்வளவுதான்.

சமையலறை ஏன் போனது என்பதை விட, அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் மைமூனின் மூத்த மகள் ஜெய்த்தூன் என்ன சொன்னாள் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. மரைக்காயர் தெருவில் கல்யாணம் ஆனால் பெண் எங்கேயும் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கொடுத்தாக வேண்டும். மூத்தவள் தனக்கு வேண்டியதை வாய்விட்டுச் சொல்லும் வரை இளையவள் வாய் திறக்கக் கூடாது. மைமூனுக்கு இரண்டு மகள்கள், ஜெய்த்தூனும் சபூராவும். வீடும் இரண்டு. ஒன்று மைமூன் பிறந்து வளர்ந்து அவளுக்கே வந்து சேர்ந்த மரைக்காயர் தெருப் பழைய வீடு. பர்மா தேக்கு உத்தரமும், முழங்கை நீளத்துக்குக் கனத்த சுவரும், வெயில் காலத்திலும் குளிர்ந்திருக்கும் தரையும் கொண்டது. மற்றது, புருனேயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அவள் புருஷன் செய்யது காசிம், கிரீன் வேலி கார்டன் என்ற பெயரில் பச்சையும் இல்லாமல் பள்ளத்தாக்கும் இல்லாமல் இருக்கிற பொட்டலில் ஆசை ஆசையாகக் கட்டிய மாடி வீடு. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலத்தை எந்த வாசலுக்கு அழைத்து வருவது என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்று சாயங்காலம் மைமூனும் கேட்டாள். ஜெய்த்தூன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு எதுன்னாலும் சரிதான் உம்மா" என்றாள்.

அது பச்சைப் பொய். அவளுக்குப் புது வீடுதான் வேண்டும். புது வீடு என்பதால்கூட இல்லை. அங்கே அறைகளுக்குத் தாழ்ப்பாள் இருந்தது என்பதால்.

மரைக்காயர் தெரு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். அங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உள்வாசல் உண்டு. பெண்கள் தெருவில் இறங்காமலே தெரு முழுவதும் போய் வருவதற்காக எந்தக் காலத்திலோ வைத்த வாசல்கள். அவற்றுக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி வீட்டு நடுக்கூடம் இன்னொருத்திக்குக் குறுக்கு வழி. மைமூன் வீடு தெருவின் நட்ட நடுவில் இருந்ததால், வடக்கே இருப்பவள் தெற்கே போகவும் தெற்கே இருப்பவள் வடக்கே போகவும் அதன் வழியாகத்தான் போனார்கள், கையில் பாத்திரமும் இடுப்பில் பிள்ளையும் வாயில் செய்தியுமாக. ஜெய்த்தூன் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கம்ப்யூட்டரில் மீட்டிங் நடக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் கிணத்தடி மாமி நாளும் மீன் சட்டியோடு கடந்து போவாள். பெங்களூரில் இருக்கிற மேனேஜருக்கே மாமி பழகிப்போய், ஒரு நாள் காணவில்லையென்றால் "அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்.

ஜெய்த்தூனுக்கு அவர்கள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. அந்த மாமிகளின் மடியில் புரண்டு வளர்ந்தவள். ஆனாலும் ஒரே ஒரு கதவைச் சாத்தி, உள்ளே தான் மட்டும் இருந்து, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து மூச்சு விட வேண்டும் என்ற ஆசை பல வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்தது. அதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கம். நாய்க்கும் திருடனுக்கும்தான் தாழ்ப்பாள் போடுவார்கள் என்று நினைக்கிற தெருவில், எனக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று சொன்னால், நீங்கள் எல்லாரும் எனக்கு வேண்டாம் என்றுதானே கேட்பவர்கள் காதில் விழும்? மாப்பிள்ளை தாவூதிடம் போனில் யோசனை கேட்டுப் பார்த்தாள். கப்பல் என்ஜினியரான அவர், "எனக்குக் கப்பல்ல ஒரு அலமாரி சைஸுக்குத்தான் கேபின். ரெண்டு வீடும் எனக்கு அரண்மனைதான். நீங்க எங்க நல்லாத் தூங்குவீகளோ அங்க வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் பாரத்தை மறுபடியும் அவள் தலையிலேயே இறக்கி வைத்துவிட்டார்.

சமையலறையோடு நின்றிருந்தால் சரி. அந்த வாரமே குளியலறை போனது, கூடம் போனது, மாடிப்படி போனது. போனதற்கெல்லாம் பதில் புது வீட்டிலிருந்து ஏதாவது வந்தது. யார் எது கேட்டாலும் ஜெய்த்தூன் "எதுன்னாலும் சரிதான்" என்றாள், அவள் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் ஒரு அறை கிளம்பியது. தெரு மெல்ல அதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. காலையில் பள்ளிவாசலிலிருந்து திரும்பும் ஆண்கள் செய்யது காசிமிடம் "இன்னைக்கு எது போச்சு?" என்று கேட்டார்கள், மழை வருமா என்று கேட்கிற தோரணையில். மீன்காரம்மா இரண்டு வீட்டு வாசலிலும் நின்று கூவிப் பார்த்து, எந்த வாசலில் அடுப்படி வாசனை வருகிறதோ அங்கே கூடையை இறக்கினாள். ஆட்டோ ஸ்டாண்டில் "அடுப்படிக்கா, கூடத்துக்கா?" என்று கேட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள். வீடு கட்டிக் கொடுத்த என்ஜினியர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, சின்னச் சமையலறை இருந்த இடத்தில் பெரிய சமையலறை எப்படிப் பொருந்தியது என்று நீளத்தையும் அகலத்தையும் அளந்து, வேர்த்துப்போய், மைமூன் கொடுத்த நன்னாரி சர்பத்தைக் குடித்துவிட்டு, "சுவர் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கு" என்று சொல்லிக் கிளம்பினார்.

ஜமாத் தலைவரிடமும் விஷயம் போனது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். அறைகள் போவதில் குற்றம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உள்ளே பெண்டுபிள்ளைகள் இருப்பார்கள், அதனால் போகிற அறை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று முடிவாகச் சொன்னார். அவர் சொன்ன நாளிலிருந்து, கிளம்புவதற்கு முன்னால் அறைகள் தங்கள் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பின்பக்கமாகச் சுற்றிக் காட்டின. விசிறி திரும்பிச் சுற்றினால், வேலை இருப்பவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள், வேலை இல்லாதவர்கள் காற்று வாங்கப் போகலாம் என்று உட்கார்ந்தே இருந்தார்கள்.

அதன் பிறகுதான் பெட்டியறை போனது.

பெட்டியறை என்பது பழைய வீட்டில் டிரங்குப் பெட்டிகளையும் பாய்களையும் போட்டு வைக்கிற சின்ன அறை. வடக்குப் பக்கத்து உள்வாசல் அதில்தான் இருந்தது, கிணத்தடி மாமியின் வீட்டுக்குப் போகிற வாசல். பெட்டியறை போகும்போது அந்த வாசலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. கிரீன் வேலி கார்டனில் மைமூன் வீட்டுக்கு அடுத்த வீடு லூர்து மேரி டீச்சருடையது. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்ற பலகை இருந்தது, நாய் இல்லை. அந்தக் குடியிருப்பில் எல்லோருமே அப்படித்தான், கேட்டைப் பூட்டிக்கொண்டு, காரில் வந்து காரில் போய், அடுத்த வீட்டுக்காரர் பெயரை அவர் வீட்டு வாசல் பலகையில் மட்டும் படித்துத் தெரிந்துகொண்டு இருந்தார்கள். டீச்சர் டிவி முன்னால் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேக்குக் கதவு முளைத்து, திறந்து, பாயைத் தேடிப் போன இடத்தில் அறையோடு கிளம்பி வந்துவிட்ட கிணத்தடி மாமி உள்ளே நுழைந்தாள்.

டீச்சர் தட்டைக் கீழே வைக்கவில்லை. மாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"கதவு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "ஆனா வரும்போது காலைத் துடைச்சுக்கிட்டு வரணும்."

"சரிங்க டீச்சர்" என்ற மாமி காலைத் துடைத்துக்கொண்டு, ரசத்தைப் பார்த்து, "கொத்தமல்லி போடலையா?" என்று கேட்டாள். வீட்டில் கொத்தமல்லி இல்லை. மாமி அடுத்த சுவரைத் தடவிப் பார்த்தாள், அங்கேயும் அதற்குள் ஒரு கதவு வந்திருந்தது, அதன் வழியாகப் போய் யாரோ ஒரு வங்கி அதிகாரியின் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து கொத்தமல்லி வாங்கி வந்தாள். இப்படியே கிரீன் வேலி கார்டன் முழுக்க உள்வாசல் பரவியது. ஒரு வாரத்துக்குள் அங்கே இருந்தவர்கள் ஒருவர் வீட்டு இட்லி மாவை இன்னொருவர் புளிக்க வைத்துச் சாப்பிட்டார்கள், ஒருவர் பிள்ளையை இன்னொருவர் அதட்டினார்கள், கேட்டுகள் திறப்பார் இல்லாமல் துருப்பிடிக்கத் தொடங்கின.

ஜெய்த்தூன் இதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். எதிலிருந்து தப்பிக்க அந்தப் பக்கம் போக நினைத்தாளோ, அது அவளுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருந்தது.

ஆனால் பெட்டியறைக்குப் பதிலாக மரைக்காயர் தெருவுக்கு வந்ததைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே! வந்தது புது வீட்டின் படுக்கையறை. வெள்ளைச் சுவர், சன்னல் திரை, மெத்தை போட்ட கட்டில், எல்லாவற்றுக்கும் மேலாக, செய்யது காசிம் புருனேயிலிருந்து தன் கையாலேயே சுமந்து வந்த பித்தளைத் தாழ்ப்பாள் போட்ட கதவு. அந்த அறைக்கு மறுபக்கம் வாசலே இல்லை. அந்தத் தெருவின் சரித்திரத்திலேயே முதல்முறையாக, வழி முடிந்துபோகிற ஒரு அறை.

ஆட்டோவில் திரும்பி வந்த கிணத்தடி மாமி, தன் வீட்டுக்குப் போகிற வாசலைக் காணாமல் அந்த அறையின் நடுவில் நின்றாள். கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். தாழ்ப்பாளை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். பிறகு, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போலக் குரலைத் தாழ்த்தி, "புள்ள ஜெய்த்தூனு, நான் இங்கன கொஞ்ச நேரம் இருந்துக்கிறவா?" என்றாள்.

"இருங்க மாமி."

"கதவ..."

"சாத்திக்கிறீகளா?"

"சும்மாதான். எப்புடி இருக்குன்னு பாக்குறதுக்கு."

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்தினார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை மாமி வெளியே வரவில்லை. வந்தபோது அவள் முகம் குளித்து எழுந்தது போல இருந்தது.

"என்ன மாமி செஞ்சீக இம்புட்டு நேரம்?" என்று கேட்டாள் சபூரா.

"ஒன்னும் செய்யல" என்றாள் மாமி. அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. "அல்லா மேல ஆணையா ஒன்னுமே செய்யல, புள்ள. யாரும் கூப்பிடல. நானும் யாரையும் கூப்பிடல. அம்புட்டுதான்."

மறுநாள் காலையில் அந்த அறை வாசலில் வரிசை நின்றது.

வடக்குத் தெருவிலிருந்தும் வந்தார்கள், தெற்கிலிருந்தும் வந்தார்கள், வேலை முடிந்து வந்தார்கள், வேலையைப் போட்டுவிட்டும் வந்தார்கள். சபூரா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாருக்கு அப்புறம் யார் என்று வாய்க்கணக்காகவே சொல்லி அனுப்பினாள். ஒருத்தி உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்காமல் ஒரு பொட்டலம் மஸ்கோத் அல்வாவைத் தின்று முடித்தாள். ஒருத்தி, புருஷன் இடைமறித்ததால் கல்யாணம் ஆன நாளிலிருந்து முடிக்க முடியாமலே இருந்த ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்லி முடித்துவிட்டு வந்தாள். ஒருத்தி சீட்டியடிக்கக் கற்றுக்கொண்டாள். ஆட்டம் ஆடியவள் யார் என்று தரை அதிர்ந்ததை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. மைமூனும் போனாள், தன் வீட்டு அறைக்குத் தானே வரிசையில் நின்று. உள்ளே கையைக் காலை நீட்டிப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினாள். அந்தக் குறட்டையைக் கேட்டு வெளியே இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அவரவர் முறைக்காக ஆவலோடு காத்திருந்தார்கள்.

ஜெய்த்தூன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. இவர்கள் ஆசைக்கு ஒரு தடவை உள்ளே போய் வருகிறார்கள், நான் சொன்னால் அது ஒரேயடியாகப் போவதல்லவா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கல்யாணமோ நெருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முடிவு தெரிந்தாக வேண்டும் என்று செய்யது காசிம் சொல்லிவிட்டார்.

அன்று கூடம் பழைய வீட்டில் இருந்தது. தெருப் பெண்கள் எல்லாரும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பிரியாணித் தட்டுகள் இருந்தன. லூர்து மேரி டீச்சரும் காலைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். செய்யது காசிம் வாசலில் நின்று, "சொல்லும்மா. மாப்பிள்ளைய எந்த வாசலுக்குக் கூட்டிட்டு வரணும்?" என்றார்.

ஜெய்த்தூன் நிமிர்ந்தாள். நேர் எதிரில் கிணத்தடி மாமி, தனக்குப் பிரியாணி ஊட்டி வளர்த்த அதே கையில் பிரியாணியோடு இருந்தாள்.

"பழைய வீடு, வாப்பா" என்றாள் ஜெய்த்தூன்.

விசிறி பின்பக்கமாகச் சுற்றியது. யாரும் எழுந்திருக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடம் அத்தனை பேரோடும் கிளம்பி, நெடுஞ்சாலையைத் தாண்டி, புது வீட்டில் போய் இறங்கியது. சன்னலுக்கு வெளியே லாரி போனது. பின்னாலேயே ஸ்கூட்டரில் விரட்டி வந்த செய்யது காசிம் மூச்சிரைக்க, "எந்த வீடுன்னு சொன்னே?" என்றார்.

"பழைய வீடுதான்."

விசிறி மறுபடியும் பின்பக்கமாகச் சுற்றியது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கூடம் மரைக்காயர் தெருவுக்குத் திரும்பிவிட்டது. அவர் அங்கே வந்தார். "நிசமாவா?" என்றார். "நிசமா" என்றாள் அவள். கூடம் கிளம்பியது. இப்படிக் கூடம் போவதும், ஸ்கூட்டர் பின்னால் போவதுமாக, நெடுஞ்சாலையில் டீக்கடை போட்டிருந்தவர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது. உள்ளே இருந்த பெண்களுக்கு ஒரே சிரிப்பு. ராட்டினத்தில் ஏறிய பிள்ளைகளைப் போல ஒவ்வொரு முறை விசிறி திரும்பும்போதும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கூவினார்கள். கடைசியில் செய்யது காசிம் பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்று, மைமூனுக்குப் போன் செய்து, "எங்க இருக்கீகளோ அங்கேயே இருங்க, தாயே!" என்று கெஞ்சினார்.

சபூராவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இளையவள் வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

"லாத்தா, பொய் சொல்லாத! எனக்குத் தலை சுத்துது. நீ பொய் சொன்னா இது நிக்காது போலருக்கு!"

எல்லாரும் ஜெய்த்தூனைப் பார்த்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்தது. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"எனக்குப் புது வீடுதான் வேணும். உங்கள யாரையும் பிடிக்காமச் சொல்லல. நீங்க இல்லாம எனக்கு ஒரு நாளும் விடிஞ்சதில்ல. ஆனா ஒரு கதவ நான் சாத்தணும். சாத்துனா நீங்க யாரும் கோவிச்சுக்கக் கூடாது. வேணுங்கறப்ப நானே தொறப்பேன்."

விசிறி அசையவில்லை. கிணத்தடி மாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஜெய்த்தூன் பதறிப்போனாள். எழுந்து போய் மாமியைக் கட்டிக்கொண்டாள்.

"மாமி, அழாதீக மாமி. நான் தினம் வருவேன்."

"நீ வருவே புள்ள, அது எனக்குத் தெரியாதா?" என்று மாமி மூக்கை உறிஞ்சினாள். "அந்தத் தாழ்ப்பா போட்ட ரூம நீ கையோட கொண்டு போயிருவியே! நாளைக்குத்தான் என் முறை வருது. நாங்கள்லாம் எங்கன போயி உக்கார்றது?"

ஒரு கணம் கழித்துத்தான் அது எல்லாருக்கும் உறைத்தது. அப்புறம் கூடமே அழுகையும் சிரிப்புமாக ஒரே களேபரமானது. ஆமாம், எங்கே போய் உட்காருவது, எனக்கு ஞாயிற்றுக்கிழமை முறை, எனக்கு இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். இத்தனை வருஷமாகத் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒளித்து வைத்திருந்த ஆசை, அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்திக்கும் இருந்திருக்கிறது. ஜெய்த்தூன் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் யாருடைய தட்டிலிருந்தோ ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சபூரா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்குப் புது வீடு வேணும்னு நெனச்சா பழைய வீட்ட நீ எடுத்துக்கப் பாத்தே, லாத்தா? அந்த மொட்டப் பொட்டல்ல எனக்கு யாருகூட வாயாடுறது? நீ எப்படா வாய் தொறப்பேன்னு நான் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தேன்!"

அன்று சாயங்காலத்துக்குள் சமையலறை தன் வீட்டுக்குத் திரும்பியது. குளியலறை வந்தது, மாடிப்படி வந்தது, கூடம் பெண்களை இறக்கிவிட்டுத் தன் இடத்தில் அசையாமல் உட்கார்ந்தது. தாழ்ப்பாள் போட்ட அறை மட்டும் மரைக்காயர் தெருவை விட்டுப் போக மறுத்துவிட்டது. செய்யது காசிம் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து, அதன் சுவரில் கை வைத்து நயமாகப் பேசிப் பார்த்தார். ஜமாத் தலைவரும் வந்து சொல்லிப் பார்த்தார். விசிறி முன்பக்கமாகவே சுற்றியது. அது அவ்வளவு பேருக்கு வேண்டப்பட்டதாக ஆகிவிட்டது, இனி எப்படிப் போகும்?

அதனால் பெட்டியறையும் புது வீட்டிலேயே தங்கிவிட்டது. ஜெய்த்தூன் தனக்கு அந்த அறையே போதும் என்றாள். செய்யது காசிம் கடைக்குப் போய், இருப்பதிலேயே நல்ல தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கி வந்து, அந்தப் பழைய உள்வாசல் கதவில் தானே முடுக்கினார். உள்வாசலுக்குத் தாழ்ப்பாள் போடுவதைப் பார்க்க மரைக்காயர் தெருவிலிருந்து ஒரு வேன் பிடித்து வந்தார்கள், காது குத்துக் கல்யாணத்துக்கு வருவது போல. தாழ்ப்பாள் பொருந்தியதும் எல்லாரும் ஆளுக்கொரு முறை போட்டு எடுத்துப் பார்த்து, ஜெய்த்தூனுக்குச் சர்க்கரை ஊட்டினார்கள். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் நெடுஞ்சாலையில் பைத்து பாடிக்கொண்டு வந்தது, கிரீன் வேலி கார்டன்காரர்கள் உள்வாசல் வழியாக வரிசையாக வந்து சாப்பிட்டார்கள், தாவூது அறையைப் பார்த்துவிட்டு, கப்பலில் இவ்வளவு பெரிய பெட்டிகள் கிடையாது என்று சந்தோஷப்பட்டார்.

கல்யாணம் முடிந்த சில நாளில், ஒரு முற்பகல் நேரம், தாவூது கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஜெய்த்தூன் மீட்டிங்கை முடித்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சன்னல் வழியாக வெயில் வந்து டிரங்குப் பெட்டிகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவளும் யாரையும் கூப்பிடவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், லூர்து மேரி டீச்சர் வீட்டுக் கூடத்தில், வட்டிலாப்பக் கிண்ணத்தோடு வந்து நின்ற கிணத்தடி மாமி, பிறந்த நாளிலிருந்து எல்லா உள்வாசலையும் தள்ளுவது போலத் தோளால் கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. மாமி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தட்டுங்க" என்றார் டீச்சர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமி வாழ்நாளில் எந்தக் கதவையும் தட்டியதில்லை. முதலில் பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி உள்ளங்கையை வைத்தாள். அதில் சத்தம் வரவில்லை. பிறகு விரலை மடக்கி, தேங்காய் முற்றியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அதிகமாகத் தட்டிவிட்டோமோ என்று பயந்து கையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே ஜெய்த்தூன் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். உடனே எழுந்திருக்கவில்லை. தனக்காக ஒருவர் வெளியே காத்திருக்கிறார் என்பது அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"யாரு?" என்றாள்.

மரைக்காயர் தெருவில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்டே அறியாத கேள்வி அது. மாமி திகைத்து நின்றாள். தெருவுக்கு அவள் கிணத்தடி மாமி, பிள்ளைகளுக்கு உம்மா, பேரப்பிள்ளைகளுக்கு வேறொன்று, புருஷனுக்கு வெறும் 'இந்தா'. சாத்திய கதவு ஒன்று நின்று, நீ யார் என்று கேட்டால், இவற்றில் எதைச் சொல்வது? கிண்ணத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள், தலையில் துணியைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது எழுந்து நிற்பது போல நிமிர்ந்து நின்றாள்.

"ஹலீமா" என்றாள். சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "ஹலீமா வந்திருக்கேன்."

பிறந்ததிலிருந்து அந்த மாமியின் கையால் சாப்பிட்டும் அவள் பெயரை ஒரு நாளும் கேட்டிராத ஜெய்த்தூன், பாயிலிருந்து எழுந்து, "வாங்க ஹலீமா மாமி" என்று சொல்லித் தாழ்ப்பாளை எடுத்தாள்.